பெரிய பிள்ளை

ராசாத்தி அம்மா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் இங்கே சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி இதை உன் படத்துக்கு முன்னால் நின்று வாசிக்கட்டும்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றுப் பிள்ளைதான் ரொம்பப் பெருத்துவிட்டதாம். “மருந்து குடுத்து முன்னாடியே வலி வரவைக்கலாம். இல்ல, தானா வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். காத்திருந்தா புள்ளையோட தோள் சிக்கலாம், சிக்காமலும் போகலாம். நீங்கதாம்மா முடிவு சொல்லணும்” என்கிறார் டாக்டரம்மா. படித்தது அவரா நானா? எரிச்சலாக வருகிறது. செருப்பு வாங்கக்கூட என் பேச்சைக் கேட்காத உன் மருமகன், இப்போது மட்டும் “நீ எது சொன்னாலும் சரி” என்கிறார்.

“உங்கம்மாவுக்கு எப்படிப் பிரசவம் ஆச்சு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“பெரிய புள்ளைய அலுங்காமப் பெத்தேன்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ள நான்தான்” என்றேன் பெருமையாக.

“பொறந்தப்ப எத்தனை கிலோ இருந்தீங்க?”

அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டால், “நல்லாத்தான் இருந்தே” என்கிறார். பதிலைப் பார்!

தங்கச்சி, அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைத்துவிடாதே.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. நாளைக்கு நான் முடிவு சொல்ல வேண்டும். அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பெரிய பிள்ளை என்று சொல்வாயே, அது மூத்தவள் என்பதாலா, நான் பெரிதாகப் பிறந்ததாலா?