உங்கள் தைரியத்தில் வளர்ந்த பிள்ளை

அக்கா,

இன்று காலை என் மகன் தன் கைக்குழந்தையைச் சொட்டு மருந்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். வலது காலை இழுத்து இழுத்து அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. சாவுக்கு நான் வரவில்லை. ஆனாலும் உங்களிடம்தான் பேசத் தோன்றியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் ஒரே காம்பவுண்டில் நமக்கு அடுத்தடுத்த வீடு. உங்கள் கடைசி மகளும் என் மகனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். எனக்கு அவன் தலைப்பிள்ளை. சொல்லித் தர அம்மாவும் இல்லை. மார்பைப் பிடிக்காமல் அவன் வீறிட்டபோது, பால் இல்லை என்று நினைத்துப் பவுடர் டப்பா வாங்கிவரச் சொல்லிவிட்டேன். நீங்கள்தான் வந்து, என் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தீர்கள்.

"பால் இல்லன்னு யாரு சொன்னது? உனக்கு பயம்தான் ஜாஸ்தி. பயப்படாம குடு, குடிப்பான்."

குடித்தான். மூன்றே மாதத்தில் கொழுகொழுவென்று ஆனான். அவன் உடம்பில் ஊறியது உங்கள் தைரியம்தான் என்று நம்பினேன்.

அப்போதுதான் நர்ஸம்மா வீடு வீடாக வந்து, பிள்ளைகளைச் சொட்டு மருந்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச் சொன்னார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு மருந்து? அதைக் குடுத்தாதான் காய்ச்சல் வருமாம். என் மூத்ததுங்க ரெண்டும் என்னத்தக் குடிச்சுதுங்க? நான் என் பொண்ணுக்குக் குடுக்கப் போறதில்ல."

நர்ஸம்மா மேலும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நானே திருப்பி அனுப்பினேன், உங்களைப் போலவே குரலை உயர்த்தி.

பத்தாம் மாதம் அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் நிற்க வைத்தால் வலது கால் துணிபோல மடிந்தது. ஆஸ்பத்திரியில் அதே நர்ஸம்மா இருந்தார்.

"அடுத்த வீட்டம்மா மூணு வாட்டியும் கரெக்டா வந்து போட்டுக்கிட்டுப் போனாங்களே. நீங்க ஏம்மா வரல?"

அவர் திட்டவில்லை. வருத்தத்தோடுதான் கேட்டார்.

நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாள். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கிட்ட சொன்னப்ப நானும் அப்படித்தான் நம்பினேன். அப்புறம் அவரு சத்தம் போட்டாரு. எனக்கும் பயம் வந்துடுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலக்கா?"

"நீ என்னை அவ்ளோ நம்பின. எனக்கே பயமா இருக்குன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அதன் பிறகு நாம் பேசவே இல்லை. அந்த மாதமே நாங்கள் வீடு மாறிப் போனோம்.

பல வருடங்கள் அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்து, கம்பி வைத்த பூட்ஸ் மாட்டி நடக்கப் பழக்கினேன். "பயப்படாத, நடப்ப" என்று தினமும் சொன்னேன். சொல்லும்போது என் தொண்டையில் இருந்தது உங்கள் குரல். அது எனக்கே தெரியும். தெரிந்தும் அதை விட முடியவில்லை. நடந்தான். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

நீங்கள் பயந்ததற்கு எனக்குக் கோபமில்லை அக்கா. தைரியத்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு, பயத்தை என்னிடம் மறைத்தீர்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. இப்போதும் பிள்ளை வளர்ப்பதைப் பற்றி யாராவது அடித்துப் பேசினால், "உங்க புள்ளைக்கு என்ன பண்ணீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று உங்களிடம் கேட்கத் தோன்றாமல் போன கேள்வி அது.