சோலைக்கிளிக்கு ஒரு விசில்

அஸ்தினாபுரம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஜோவிதாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். அந்த மலைக்காட்டில் நீ சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். அங்கே செல்போன் டவர் இல்லாத புண்ணியத்தில் எனக்கும் கடிதம் எழுத வந்துவிட்டது.

நீ ஆராய்ச்சி செய்யும் சோலைக்கிளியின் படமும் பாட்டும் போட்டு அனுப்பிய பென் டிரைவ் கிடைத்தது. கிளி என்று பெயர், பார்த்தால் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கிறது! நீல முதுகும் செங்கல் நிற வயிறுமாக என்ன அழகு. பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். கரகரப்போடு பாடுகிறது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து வாய் கோணி, பேச்சில்லாமல், சுவரைப் பார்த்தே படுத்திருந்தாரே, நீதான் பார்த்தாயே. பஸ் கண்டக்டராக ஊரையே அதட்டிய மனிதர். பாட்டைப் போட்டதும் இந்தப் பக்கம் திரும்பினார். மறுநாள் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். வெறும் காற்றுதான் வந்தது, எச்சில் வழிந்தது. கோபத்தில் தலையணையைத் தள்ளினார். பிறகு மறுபடியும் ஊதினார். பிசியோதெரபிக்கு வரும் தீனாவிடம் சொன்னேன். நிறுத்தாதீங்க ஆன்ட்டி, உதட்டுக்கு நல்ல எக்சர்சைஸ், தினமும் போடுங்க என்றார்.

நேற்று காலை அடுப்படியில் இருந்தபோது மெல்லிசாக ஒரு விசில். ஸ்பீக்கர் என்று நினைத்தேன். அப்புறம்தான் கரண்ட் இல்லை என்பது உறைத்தது. ஓடினேன். அப்பா ஸ்பீக்கரைக் காட்டி, எங்க என்று கேட்டார். தெளிவாகக் கேட்டார், பாப்பா. நீலகிரியில், நம்ம ஜோவிதா பக்கத்தில் என்றேன். இரண்டு பேரும் அழுதோம். பால் பொங்கி வழிந்ததைக்கூட கவனிக்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். கூட்டில் குஞ்சுகள் இருக்கும்போது பாதியில் வரலாமா? அவை பறந்த பிறகு வா. அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க மாடிவீட்டு சம்பத் அண்ணன் தினமும் வருகிறார். என் முதுகுவலி பெரிதில்லை.

மழையிலும் அட்டைக்கடியிலும் கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

அடுத்த முறை பாட்டைப் பதிவு செய்யும்போது, பறவை ஓய்ந்ததும் உடனே நிறுத்திவிடாதே. நீயும் இரண்டு வார்த்தை பேசு. அப்பாவுக்காகத்தான் கேட்கிறேன்.

உன் அம்மா,
எப்சி