நட்டின்மேல் சிவப்புக் கோடு

மகளின் அம்மாவுக்கு,

இருமல் விட்டதா? நான் சௌக்கியம்.

பட்டறையில் ஒரு பைக்கின் எஞ்சின் ஆயிலை ஆற்றும் கூலருக்கு அளவெடுத்து ஹோஸ் குழாய் செய்து மாட்டினேன். நட்டுக்கும் குழாய்க்கும் சேர்த்து உன் நகப்பூச்சால் கோடு போட்டேன். நட்டு திரும்பினால் கோடு விலகிவிடும். சாப்பிட்டு வந்தால் விலகியிருந்தது! எப்போதும் என் வேலையையே எட்டிப் பார்க்கும் பக்கத்து மேசைக்காரன்தான்.

"ஏன்யா கழட்டுன?"

"கழட்டலப்பா, இறுக்குனேன். ஸ்பேனர் போடாமலே கோடு போட்டுட்டுப் போயிட்ட."

உண்மைதான், கோடு இறுகும் பக்கமாகவே விலகியிருந்தது. இருந்தாலும் என் நட்டில் அவனுக்கு என்ன வேலை? "நகப்பூச்சு யாரோடது?" என்று வேறு கேட்டான். பாட்டிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பாட்டில் தீர்ந்துவிட்டது, இன்னொன்று அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார். புதிது வாங்காதே, நீ பூசிய மிச்சமே போதும்.

உன்னவன்