காது முளைத்த மகாரம்

இன்று காலை புதிதாக அகழாய்வுப் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, பானை ஓடு கழுவ வீட்டிலிருந்து பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஈர ஓட்டை அவள் தேய்க்கத் தேய்க்க எழுந்த மண் வாசனையில் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே போய்விட்டேன். சாருக்கு உடம்பு சரியில்லை போல என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். இப்போது நான்தான் இங்கே சார். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ ஞாபகத்துக்கு வந்தாய். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அண்ணாகிராமத்துக்கு அப்பால், முந்திரித் தோப்புக்கு நடுவே நாம் அகழாய்வு பழகிய அந்த மேட்டுக்கு இப்போது கம்பிவேலி போட்டுவிட்டார்கள். அன்று உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் குழி. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டாமல் விட்ட மண்சுவர். விடிந்ததும் முளைக்குச்சியில் நூலைக் கட்டி இழுப்போம். ஒரு சாண் மண்ணை எடுக்க ஒரு நாள். எடுத்ததைச் சலித்து, ஆழம் எழுதி, பையில் கட்டி, சீட்டு ஒட்ட வேண்டும். உன் குழியில் பாசிமணி வரும், வளையல் துண்டு வரும். என் குழியில் பூரான் வரும். சாயங்காலம் முகாமை நடத்திய சார் உன் குழி ஓரத்தில் குந்தி அரைமணி நேரம் பேசுவார். என் குழியை நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார்.

தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் மாலையில் பழைய தமிழ் எழுத்தை எழுதிப் பழகுவோம். கிண்ணம்போல் வளைத்து நடுவில் ஒரு கோடு போட்டால் மகாரம். என் கோடு மட்டும் கிண்ணத்தில் நிற்காமல் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீ என் நோட்டை எட்டிப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாய்: “மச்சான், உன் மகாரத்துக்குக் காது முளைச்சிருக்குது. ஒரு தோடு வாங்கிப் போடு.” சிரிப்பேன். உள்ளே எரியும்.

முகாம் முடிந்ததும் நம்மில் ஒருவனைத்தான் சார் அடுத்த அகழாய்வுக்கு வேலைக்கு எடுப்பார். அது நீதான் என்று சமையல்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. பண்ருட்டி மண்டியில் வேலை பார்த்த உன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆளாளுக்குச் சுளை கொடுத்து, “எம்புள்ள பேரு புத்தகத்துல வரும்னு அவுங்க சார் சொல்லிட்டாரு” என்று மகிழ்ந்து போனார். நானும் நாலு சுளை தின்றேன்.

விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொறாமையில்தான் செய்தேன். மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு சிவப்பு ஓட்டில் ஆணியால் ஒரு பேர் மாதிரி மூன்று எழுத்துக் கீறி, உன் குழியில் நாலு விரல் ஆழத்தில் புதைத்து மண்ணைத் தட்டிவிட்டேன். மூன்று மணிக்கு நீ கத்தினாய். “சார், எழுத்து! எழுத்து சார்!” அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் யார் முகத்திலும் பார்க்கவில்லை.

சார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “ஓடு பழசு. எழுத்து நேத்து. கீறலுக்குள்ள பாரு, செங்கப்பொடி மாதிரி இருக்குது” என்றார். ஒருவர் குழியில் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது என்பது முகாமின் சட்டம். நீ ஒரு நாளும் மீறியதில்லை. மற்றவர்கள் மீறுவார்கள் என்று சாருக்கும் தோன்றவில்லை. “புகழு அவ்ளோ அவசரமாடா உனக்கு?” என்று கேட்டார். நீ குனிந்து ஓட்டைப் பார்த்தாய். நடு எழுத்து மகாரம். கைப்பழக்கம் போகுமா? காது இரண்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கோபமே இல்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தாய். நான் என் குழிக்குள் குனிந்து மண்ணைச் சுரண்டினேன். மாலை பஸ்ஸில் நீ முகாமை விட்டே கடலூருக்குப் போனாய். வேலை எனக்குக் கிடைத்தது.

பல வருஷம் கழித்துச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். செல்போன் கடையில் இருப்பதாகச் சொன்னாய். டீ வாங்கிக் கொடுத்தாய். பஸ் கிளம்பும்போதுதான் கேட்டாய்: “என்னா மச்சான், இப்பவாவது மகாரம் ஒழுங்கா வருதா?” பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பஸ் ஓடிவிட்டது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மஞ்சள் காமாலையில் நீ போனதைக் கேட்டு வீட்டுக்குப் போனேன். உன் தங்கை காபி கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணா, எங்கப்பா சாவுற வரைக்கும் அவன்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. ஊரக் கூட்டி அசிங்கப்படுத்திட்டான்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு. நான் அப்பாகிட்ட சண்ட போட்டுகிட்டே இருந்தேன், அவன் அப்படி செய்யமாட்டான்னு. நீங்க பக்கத்துக் குழியிலதான இருந்தீங்க. அவனா கீறினான்? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா.”

வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருந்தால் அவளோடு முடிந்திருக்கும். என் வேலை போயிருக்காது. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

“சின்ன வயசும்மா. அவனும் ஏதோ ஆசையில பண்ணிட்டான். வுடு” என்றேன்.

அவள் எழுந்தாள். “அப்ப அப்பா மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காபியை நான் முழுசாகக் குடித்திருந்தேன்.

அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், அழுத்தியதில்லை. இதை உனக்குத்தான் எழுத முடிகிறது. நீ யாரிடமும் சொல்லமாட்டாய்.