குமாரி மீண்டும் கடலில் இறங்கியபோது

அலோன், யாங்கோன்
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பான குமாரிக்கு,

உன் கோபி எழுதுவது. நானும் நம் ரூபாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே உடம்பு நோகாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டுமென்று நேற்றுதான் இருவரும் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பாதிப் பேச்சு அறுந்துபோகிறது. மீதியை நாலு பேர் கேட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரிதான் பேச வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு முஜிபுர் ரஹ்மான் பாய் அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறார். அவர் சமையல் வேலை பார்க்கும் உல்லாசக் கப்பல் உன் தீவுக்கும் வந்து நிற்குமாம். "தங்கச்சி கையிலயே குடுத்துடறேன், கவலப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. கோயில் வகுப்பில் நாம் இருவரும் சேர்ந்து கற்ற இந்த எழுத்தை, வழியில் யார் பிரித்தாலும் படிக்க மாட்டார்கள்.

முதலில், நீ வேலை பார்க்கும் ரிசார்ட்டில் கடலுக்கடியில் எடுத்த அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை இறக்குவதற்குள் இரண்டு முறை கரண்டு போய்விட்டது. கடைசியில் தெருப் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தியதும், கரண்டு வந்ததே என்று நானும் ரூபாவும் பாயின் மனைவி தஸ்லீமாவும் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். நீ சொல்லும்போது, "ஒரு கெஸ்ட் கொஞ்சம் பயந்துட்டாங்க, மேல கூட்டிட்டு வந்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நாங்கள் பார்த்தது அப்படியா இருந்தது?

அத்தனை ஆழத்தில் அந்த வயதான அம்மா வாயிலிருந்த காற்றுக்குழாயைத் தானே பிடுங்கி எறிகிறார். கையையும் காலையும் உதறிக்கொண்டு மேலே பாயப் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் திகைத்து நிற்கிறார்கள். எங்கிருந்தோ நீ வருகிறாய். அவர் உடுப்பை ஒரு கையால் பற்றி இழுத்து நிறுத்துகிறாய். உன்னிடமிருந்த இன்னொரு குழாயை அவர் வாயில் வைக்கிறாய். அவர் உன் முகத்தில் அடிக்கிறார். உன் கண்ணாடி விலகித் தண்ணீர் புகுந்துவிடுகிறது. நீ அதைச் சரிசெய்யக்கூட இல்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, உள்ளே, வெளியே என்று கையால் மூச்சைக் காட்டுகிறாய். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கோயில் பிராகாரத்தில் நடத்திக்கொண்டு போவது போல, அவ்வளவு மெதுவாக மேலே கூட்டிப் போகிறாய்.

தஸ்லீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நம்ம குமாரியா? லைங் தாயா தொழிற்சாலை பஸ்ஸுக்கு என்கூட ஓடி வந்த குமாரியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அதை முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

குமாரி, நீ அங்கே போய்ச் சேர்ந்த வாரத்தில் அனுப்பிய குரல் செய்திகளை நான் அழிக்கவில்லை. ஆற்றங்கரைக் கிடங்கில் சரக்கு வராத நேரங்களில் போட்டுக் கேட்பேன். நோய்க் காலத்தில் ரிசார்ட்டை மூடி உன்னை ஊருக்கு அனுப்பியபோது, ஒரு சீசன்தானே என்று நினைத்தோம். ரூபா பிறந்தாள். பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இங்கே நடந்ததெல்லாம் நடந்தது. வந்தவர்களையெல்லாம் கடலுக்கடியில் கூட்டிப் போய்க் காட்டிய நீ, ஐந்து வருஷம் தையல் தொழிற்சாலையில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாய். ஒரு நாள்கூட நீ குறைபட்டுக்கொண்டதில்லை. பழைய முதலாளியம்மா திடீரென்று போன் பண்ணிக் கூப்பிட்டபோதும் என் முகத்தைத்தான் பார்த்தாய். போய் வா என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

படகுத்துறையைப் புயல் கொண்டுபோய்விட்டது, புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்றாய். படகோட்டும் கிழவர், நீ அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்த நம் ஊர் வணக்கத்தை மறக்காமல், தூரத்திலிருந்தே "மிங்கலாபா, குமாரி!" என்று கத்தினாராமே. அன்றே கடலில் இறங்கினாய். கொஞ்ச ஆழம் போனதும் காது கிழிகிற மாதிரி வலிக்க, மேலே வந்துவிட்டாய். அந்தச் செய்தியில் உன் குரலே மாறியிருந்தது. "மறந்துபோச்சுங்க. உடம்பு கடலை மறந்துபோச்சு. அஞ்சு வருஷம் எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு" என்று அழுதாய். நான் இங்கே ஆற்றங்கரையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன்.

மறுநாளும் போனாய். அதற்கு மறுநாளும் போனாய். விடிந்ததும் யாரும் எழுமுன் கிழவர் உனக்காகப் படகைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார் என்றாய். ஒரு நாள் காது வழிவிட்டது. கீழே போய்ப் பார்த்தால் உனக்குத் தெரிந்த பவளக்காட்டில் பாதி, கடல்நீர்ச் சூட்டில் வெந்து எலும்பு போல வெளுத்துக் கிடந்தது. கண்ணாடிக்குள்ளேயே அழுதேன் என்றாய். ஆனால் அதே செய்தியில், ஒரு மூலையில் விரல் நீளத்துக்குப் புதிதாகப் பவளம் துளிர்த்திருப்பதையும், பழைய பாறைக்கடியில் ஆமை ஒன்று தூங்குவதையும் சொல்லிச் சிரித்தாய். வந்தவர்களுக்கு வெளுத்ததையும் காட்டுவேன், துளிர்த்ததையும் காட்டுவேன் என்றாய். நான் கல்யாணம் செய்துகொண்டவள் எப்பேர்ப்பட்டவள் என்று எனக்கு அன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

இப்போது ரூபா. அவள் போனுக்கு வருவதில்லை என்று நீ எவ்வளவு நொந்துபோயிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ பேசும்போதெல்லாம் அவள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது உண்மை. ஆனால் வீடியோ பார்த்த மறுநாள் நடந்ததைக் கேள். நான் வேலை முடிந்து சந்துக்குள் நுழைகிறேன். தஸ்லீமா வாசலில் நின்று அலறுகிறாள்: "கோபிண்ணே, ஓடியாங்க! புள்ள தண்ணி பேசின்ல மூஞ்சிய வச்சிக்கிட்டு எடுக்க மாட்டேங்குது!" ஓடிப்போய்த் தூக்கினேன். தலையெல்லாம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "ஏம்ப்பா தூக்கின? நான் மேமேகிட்ட போய்க்கிட்டிருந்தேன்" என்றாள். உன்னை அம்மா என்று சொல்லாமல் இன்னும் மேமே என்றுதான் சொல்கிறாள்.

அன்று படுக்கையில் என் காதைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மேமே அந்தப் பாட்டி கையப் புடிச்சாங்களே, அந்த மாதிரி என் கையையும் புடிப்பாங்களா?" அவளுக்குக் கோபமே இல்லை, குமாரி. கை எட்டவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் நீ சொன்னதற்கு நான் போனில் பதில் சொல்லவில்லை. முதலாளியம்மா தங்க அறை தருகிறார், தீவிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, குழந்தையைக் கூட்டிவரலாம் என்கிறார். நீயோ, "மூணு பேருமா வந்தா சரி. இல்லன்னா சீசன் முடிஞ்சதும் நான் வந்துடறேன்" என்றாய். வராதே. தயவுசெய்து வராதே. நாட்டுக்குள் திரும்பி வந்தவர்கள் மறுபடி வெளியே போக என்ன பாடுபடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்த நாளில், என் வயது ஆண்களுக்கு வெளியே போகும் கதவு எப்படி அடைத்துக் கிடக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். கிடங்கில் என்னோடு வேலை பார்த்த விநாயகமூர்த்தி சில வாரங்களாக வரவில்லை. அவன் அம்மா கிடங்கு வாசலில் வந்து கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நான் இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். தேநீர்க்கடைக்கும் போவதில்லை. பயப்படாதே, ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன்.

ரூபாவுக்குப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் செய்தேன், சொன்னால் தடுத்திருப்பாய். தஸ்லீமா அடுத்த மாதம் பாங்காக்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்துவிட்டாள். நீ பாங்காக் வரைக்கும் வந்தால் போதும். அங்கே அவளை வாங்கிக்கொண்டு, அப்படியே திரும்பிப் போய்விடு.

அவளுக்கு முட்டையில் மஞ்சள் கரு பிடிக்காது. வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை என் தட்டில் வைப்பாள். இனி உன் தட்டில் வைப்பாள், திட்டாமல் தின்றுவிடு. யாருடைய காதையாவது பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். முதலில் சில நாள் உன் காதைத் தேட மாட்டாள். அவசரப்படாதே, தானாக வருவாள். முகத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசினால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள், அதற்காகவே கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறேன். இடி இடித்தால் அழுவாள். மற்ற சத்தங்களுக்கு இங்கே பழகிவிட்டாள். அந்தப் பழக்கம் அங்கே அவளுக்கு மறந்துபோகட்டும்.

அப்பா எப்போது வருவார் என்று கேட்டால், வேலை முடிந்ததும் வருவார் என்று சொல். பொய்யாக நினைத்துச் சொல்லாதே, நம்பிச் சொல்.

எல்லாக் கடலுக்கும் தாயான அம்மன் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

என்றும் உன்,
கோபிகிருஷ்ணன்