முனியாண்டி கோயில் புதையல்

ஜூன் 9, செவ்வாய்
காலையிலேயே சுள்ளென்று வெயில். குழாயில் காற்றுதான். எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பெண்கள் மறுபடியும் லோரித் தண்ணீருக்கு வரிசை.

முனியாண்டி கோயிலில் இன்னொரு குழி. ஆலமரத்து வேருக்கு அடியில், இடுப்பளவு. எல்லாம் ஞாயிறு பத்திரிகையில் வந்த என் சாகசத் தொடரால். எஸ்டேட் கோயிலில் புதையல் என்று ஒரு கதை விட்டேன். ஊர்ப் பெயரை மாற்றித்தான் எழுதினேன். மரத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்கள், படுபாவிகள்.

ஜூன் 10, புதன்
பகாவ் டவுனிலிருந்து காடி ஓட்டி வந்த இருவர், கையும் கடப்பாரையுமாக என்னிடம் மாட்டினார்கள். பையில் என் தொடரின் நகல்.

"அதை எழுதினவன் நான்தான். எல்லாம் கற்பனை."

"அங்கிள், நீங்க ஒலகம் சுத்துன நிருபர். சும்மாவா எழுதுவீங்க? பங்கு வேணும்னா நேரா கேளுங்க லா."

அறைந்திருப்பேன். சண்டை நடந்த நாடுகளுக்கெல்லாம் போய் எழுதினேன். இந்த லயத்துத் தண்ணீரைப் பற்றியும் எத்தனையோ தடவை எழுதினேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்தானா? ஒரே ஒரு பொய், கடப்பாரையோடு வருகிறான்!

வாங்க: பலகை, ஆணி, சிவப்புச் சாயம், சரோஜாவுக்கு மாத்திரை.

ஜூன் 11, வியாழன்
பலகை அடித்தாயிற்று. 'இங்கே புதையல் இல்லை.' கீழே என் கையெழுத்து. சரோஜா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கட்டிக்கொண்ட மனைவி!

ஜூன் 12, வெள்ளி
பலகைக்கு நேர் கீழே புதுக் குழி. மடையன்கள். முனியாண்டி மேடை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் திருவிழா. பூசாரி முத்தையா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயா, இன்னும் ஒரு குழி விழுந்தா சாமியே சாஞ்சிடும். நீங்க வச்ச பொதையல், நீங்களே எடுத்து வேற எங்கயாச்சும் வச்சிடுங்க லா. ரெண்டாம் பாகம் எழுதுங்க."

கத்திவிட்டு வந்தேன். பத்திரிகை ஆசிரியருக்குப் போன். தண்ணீர்க் கட்டுரைக்கு இடமில்லையாம். இரண்டாம் பாகம் என்றால் வருகிற ஞாயிறே போடுவாராம். போனைத் துண்டித்தேன்.

ஜூன் 13, சனி
கோயிலுக்குக் காவல் ஆள் கேட்டு எஸ்டேட் மேனேஜர் பங்களாவுக்குப் போனேன். அது கம்பெனி வேலை இல்லையாம். கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தே பேசி அனுப்பினார். அவருக்குப் பின்னால் புல்தரையில் தண்ணீர் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. லயத்தில் குடிக்க இல்லை.

வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பாகம், முதல் அத்தியாயம், முடிந்தது. புதையல் பங்களாப் புல்தரைக்குப் போய்விட்டது. மண் நன்றாக ஊறியிருக்கிறது, தோண்ட லேசு.