வாப்பா பக்கத்தில் யாருக்கும் இருந்ததா?

காத்தான்குடி
2009.02.11

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. திங்கட்கிழமை நம் மகள் ஹஸ்னாவுக்கு லேசான காய்ச்சல்தான். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் எட்டுத் தரம் வலிப்பு வந்துவிட்டது. பத்து மாதத்தில் தொடங்கியது, இப்போது நாலு வயதாகப்போகிறது. ஒன்று வந்தால் வரிசையாக வருகிறது.

கொழும்பு டொக்டர் வலிப்பு மருந்துக் குளிசையைக் கூட்டித் தந்தார். பிறகு, "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும் வாற வலிப்பு ஒண்டு இருக்கு. வாப்பாவுக்கு ஒண்டும் இருக்காது, ஆனா அவர் வழியா வரும். அவர்ட சகோதரிகள் யாருக்கும் இருந்ததா?" என்று கேட்டார். மாமியிடம் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டா. தெரிந்தால் மருந்தைத் தீர்மானிக்க உதவுமாம். நீங்களாவது சொல்லுங்கள்.

உங்கள்
ஸஹீதா

தோஹா
2009.03.02

அன்பு ஸஹீதாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. உம்மாவிடம் போய் இதைக் கேட்க உனக்கு என்ன துணிச்சல்! சுனாமியன்று வயிற்றுப் பிள்ளையோடு நீ ஓடினாயே, அந்தப் பயம்தான் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. குளிசை தின்றால் நாளெல்லாம் தூங்குகிறாள் என்று நீயே முன்பு எழுதினாய். நிறுத்து. பள்ளிவாசல் லெப்பையிடம் கொண்டுபோய் ஓதிப் பார். தெருவில் வலிப்பு என்று வாயெடுக்காதே. நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை எடுக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன்.

றிப்ஷான்

மட்டக்களப்பு
2009.05.21

மச்சான்,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு, கடைசியில் இந்த மாதம் குளிசையை நிறுத்தினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஐந்தாம் நாள் காய்ச்சலோடு தொடங்கியது. பதினேழு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவில்லை. யுத்தம் முடிந்ததென்று வெளியே வெடி கொளுத்தினார்கள். அவ்வளவு சத்தத்துக்கும் இவள் கண் திறக்கவில்லை.

நேற்று ஏறாவூரிலிருந்து உங்கள் தங்கை றபீக்கா தன் புருஷன் உசனாரோடு வந்தா. பிள்ளையைப் பார்த்தா, நேரே டொக்டரிடம் போனா. "எனக்கும் இது வந்தது டொக்டர், பத்து வயசு வரைக்கும். இவள்ர வாப்பா, எங்கட காக்காதான் என்னை மடியில வெச்சிப் புடிச்சிக்கு இருப்பாரு" என்றா. தன் கலியாணம் குழம்பிவிடும் என்று நீங்கள் எல்லாரும் ஒளித்தீர்களாம். உசனார் ஏசவில்லை. "இதைச் சொல்ல இவ்வளவு காலமா புள்ள?" என்றார், அவ்வளவுதான்.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இன்று காலை கண் விழித்து "உம்மா" என்றாள். வேறு சொல் இன்னும் வரவில்லை.

மச்சான், வலிப்பு என்றால் என்னவென்று உங்கள் மடிக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் நிறுத்தச் சொன்னீர்கள். என்னால் பொறுக்க ஏலாது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தால் பிள்ளையைப் பார்க்க வாருங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டுக்கு உங்கள் பயணப் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம். அதை உங்கள் உம்மா வீட்டில் இறக்குங்கள்.

ஸஹீதா